மலைக்குப் போர்க்கப்பலின் பெயரா?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அண்ணா ஒரு மலையின் படத்தை அனுப்பி, ‘இது கடலில் மூழ்கிய போர்க்கப்பலின் பெயர்’ என்றார். கடலே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அண்ணா சொன்னது சரி. அது அல்பேர்ட்டா மாகாணத்தின் கனனாஸ்கிஸ் பகுதியாக இருக்க வேண்டும். 1913 முதல் 1924 வரை அல்பேர்ட்டாவுக்கும் பிரித்தானிய கொலம்பியாவுக்கும் இடையிலான எல்லையை அளந்தார்கள். எல்லை மலைத்தொடரின் முகட்டோடு போவதால் சிகரம் சிகரமாக ஏற வேண்டியிருந்தது. வரைபடத்தில் குறிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் முதலாம் உலகப் போரும் நடந்தது. 1916 மே 31இல் பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் இடையே தொடங்கிய யூட்லாண்ட் கடற்போரின் கப்பல்களுடைய பெயர்களும் தளபதிகளுடைய பெயர்களும் அப்படித்தான் மலைகளுக்கு வந்தன. அதில் மூழ்கிய பிரித்தானியாவின் இன்டிஃபற்றிகபிள் கப்பலில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் தப்பியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதேபோல் மூழ்கிய இன்வின்சிபிளில் தப்பியவர்கள் ஆறு பேர். இரண்டின் பெயரிலும் அங்கே மலை உண்டு. அதே மாகாணத்தின் ஜாஸ்பரில் ஈடித் கவெல் மலை (3,363 மீற்றர்) நிற்கிறது. அது போர்வீரர் பெயரல்ல, 1915இல் ஜேர்மனியர் சுட்டுக் கொன்ற தாதியின் பெயர்.

இப்படிச் சூட்டிய பெயர்கள் மாறியும் இருக்கின்றன. காசில் மலையை 1946இல் அமெரிக்கத் தளபதியின் பெயரில் ஐசன்ஹோவர் மலை ஆக்கினார்கள். 1979இல் பழைய பெயரே திரும்பியது. பெத்தான் மலையின் பெயரை அல்பேர்ட்டா 2019இலும் பிரித்தானிய கொலம்பியா 2022இலும் நீக்கின. முதற் போரில் வீரராகப் போற்றப்பட்ட பிரெஞ்சுத் தளபதி பெத்தான், இரண்டாம் போரில் நாசிகளோடு ஒத்துழைத்தவர். என் கவலை வேறு: அளவையாளர் வருமுன்பே அந்த மலைகளில் ஸ்டோனி நகோடா மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களிடம் பெயர் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் மலை இல்லை, குளமும் மேடும்தான். அவற்றின் பழைய பெயர்களை மாணவர்களுடன் பதிய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– ஆசிரியர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: உங்கள் மாவட்டத்தின் கச்சிலைமடுவிலேயே தொடங்கலாம். 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனைப் பிரித்தானியப் படையின் கப்டன் டிறிபேர்க் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் அங்கேதான் நடப்பட்டது. கல்லை நட்டவர்கள் வென்றவர்கள். ஊரின் பெயர் மட்டும் மடுவின் பெயராகவே நிலைத்தது.

ஓரிடத்துக்குக் குறைந்தது மூன்று முதியவர்களைத் தனித்தனியே கேளுங்கள். ‘இது இன்ன குளம்தானே?’ என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் ‘ஓம்’ என்றுதான் பதில் வரும். ‘இதை என்னெண்டு சொல்லுவியள்?’ என்று கேட்டு, சொன்ன ஒலியிலேயே தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் குளம் குலமாகும், மடு மாடாகும். பிறகு திருத்த முடியாது.

இட ஆள்கூற்றை (அகலக்கோடு, நெடுங்கோடு) கைப்பேசியில் எடுக்கும்போது மரநிழலை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். தசமப் பாகையில், ஐந்து தசம தானத்துக்குக் குறியுங்கள். வன்னியில் அகலக்கோடு பெரும்பாலும் 9 என்றும் நெடுங்கோடு 80 என்றும் தொடங்கும். இரண்டையும் மாறி எழுதினால் உங்கள் குளம் வடதுருவப் பக்கம் போய்விடும். 9 பாகை 10 கலையை (60 கலை ஒரு பாகை) 9.10 என்று எழுதுவதும் வழக்கமான பிழை. சரியானது 9.16667. பிழையாக எழுதினால் இடம் ஏழு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே தள்ளிவிடும்.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வந்தால் ஒன்றை வெட்டாதீர்கள். யார் எதைச் சொன்னார், எந்த ஆண்டிலிருந்து என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.