ஒரே பேர் மூணு தடவ வருதா? அதுக்காக சிங்க் ஆப் எதுவும் போடாதீங்க

கேள்வி இதான்: கம்ப்யூட்டர்ல எக்ஸெல் ஷீட்ல 800 பேரோட நம்பர் இருக்கு, அத ஆண்ட்ராய்டு போன்ல ஏத்தினா ஒவ்வொரு தடவையும் ஒரே பேர் ரெண்டு மூணா வருது, ஷீட்ல நம்பர மாத்தினா போன்ல பழசே நிக்குது, கடைக்காரர் ரெண்டையும் தானா ஒண்ணா வெச்சிருக்க ஒரு சிங்க் ஆப் போட்டுத் தர்றேங்கறார், போடலாமா?

வேண்டாம். நீங்க பண்ணது சிங்க்கே இல்ல, காப்பி. ஃபைல ஏத்தினா அன்னிக்கு இருந்த நிலைமைக்கு ஒரு நகல் போகும், அவ்ளோதான், அதுக்கப்புறம் ஷீட்டுக்கும் போனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மறுபடி ஏத்தினா இன்னொரு நகல். சிங்க் ஆகணும்னா பேரெல்லாம் ஒரே அக்கவுன்ட்ல இருக்கணும், போனும் கம்ப்யூட்டரும் அந்த ஒரே இடத்ததான் பாக்கணும். உங்க ஜிமெயில் அக்கவுன்ட்டே இதுக்குப் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்ல.

மொதல்ல ஷீட்ட ஒரு காப்பி எடுத்து தனியா வைங்க. கம்ப்யூட்டர்ல கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தத் திறந்து ஒரே ஒரு பேர சேர்த்து அத சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க, எந்த நெடுவரிசைல பேரு, எந்த நெடுவரிசைல நம்பருன்னு அதுல தலைப்பு இருக்கும், உங்க ஷீட்டையும் அதே தலைப்புக்கு மாத்திக்கோங்க. நம்பர் இருக்கிற நெடுவரிசைய மொதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம் ஒட்டுங்க, இல்லன்னா எக்ஸெல் முன்னாடி இருக்கிற + குறியையும் 0-வையும் முழுங்கிடும். தமிழ்ல பேர் இருந்தா சேவ் பண்ணும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8ன்னு இருக்கிறதத்தான் எடுக்கணும், வேற எடுத்தீங்கன்னா பேரெல்லாம் கேள்விக்குறியா வந்து நிக்கும். அப்புறம் அந்த ஃபைல கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்துல இம்போர்ட் பண்ணுங்க. ஒரே பேர் ரெட்டையா இருந்தா அதே பக்கத்துல சேத்துவைக்கிற வசதி இருக்கு. தப்பாப் போச்சுன்னா அந்தப் பக்கத்தோட செட்டிங்ஸ்ல 30 நாள் வரைக்கும் பழைய நிலைமைக்குத் திருப்பலாம், பதறாதீங்க.

போன்ல அக்கவுன்ட் சிங்க்ல கான்டாக்ட்ஸ ஆன் பண்ணுங்க. புதுசா சேவ் பண்ற பேரு எங்க போகுதுன்னு கண்டிப்பா பாருங்க, டிவைஸ்னோ சிம்முன்னோ இருந்தா கம்ப்யூட்டருக்கு வராது. பேரையும் நம்பரையும் ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு ஃபைலா கொண்டுபோற விகார்டுங்கற முறையோட 2.1 பதிப்பு 1996-லயே வந்தாச்சு, அட்ரஸ் புக்க சிங்க் பண்றதுக்குன்னே கார்ட்டேவ்ங்கற பொது முறை 2011-ல வந்தாச்சு, ஆனாலும் ஒவ்வொரு கம்பெனியும் தன் கிளவுட்லயே நம்மள கட்டிப்போடப் பாக்குது, இத நெனச்சா எனக்குக் கோவம்தான் வருது. ஐபோன்லயும் ஜிமெயில சேர்த்து கான்டாக்ட்ஸ ஆன் பண்ணா வேலை முடிஞ்சுது.

இப்போ அந்த ஆப் விஷயம். கான்டாக்ட்ஸ் பர்மிஷன் கொடுத்தா போறது உங்க நம்பர் இல்ல, 800 பேரோட நம்பரு, அவங்க யாரும் உங்ககிட்ட சரின்னு சொல்லல. அது யாரோட சர்வர்ல போய் உக்காருது, யாருக்கு விக்கிறாங்கன்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது, ஆப்ப அழிச்சாலும் போனது போனதுதான். கடைல போன நீட்டி "நீங்களே போட்டுக் குடுங்க"ன்னு சொல்றது அதவிட மோசம். அவங்க ஆரம்பிச்சுக் கொடுத்த மெயில் ஐடியோட பாஸ்வேர்டு அவங்ககிட்டயும் இருந்தா உங்க அட்ரஸ் புக்கு அவங்க கையிலயும் இருக்குன்னு அர்த்தம். உங்களோடது அப்படி ஆரம்பிச்ச மெயில் ஐடின்னா இன்னிக்கே பாஸ்வேர்ட மாத்துங்க, மீட்புக்குக் கொடுத்திருக்கிற நம்பர் உங்களோடதான்னும் பாருங்க.

ஒண்ணே ஒண்ணு தனியா சொல்லணும், ஆபீஸ் மெயில். அத போன்ல சேர்த்திருந்தா உங்க சொந்தக்காரங்க நம்பர் கூட உங்களுக்குத் தெரியாமலே அதுக்குள்ள சேவ் ஆகிட்டிருக்கலாம், வேலைய விட்ட அன்னிக்கு அக்கவுன்ட்ட எடுத்ததும் அந்தப் பேரெல்லாம் போன்லருந்து காணாமப் போயிடும். அது ஆபீஸ் சர்வர்லதான் இருந்துச்சு, போன் சும்மா காட்டிட்டிருந்துச்சு. எத்தனையோ பேர் எனக்கு அழாத குறையா எழுதியிருக்காங்க, அதுக்குள்ள ஐடியும் மூடியாச்சு, ஒண்ணும் பண்ண முடியல. அதனால கான்டாக்ட்ஸ் ஆப்ல ஒவ்வொரு அக்கவுன்ட்டா தெரிவு பண்ணி எந்தப் பேர் எங்க இருக்குன்னு பாருங்க, சொந்த ஆளுங்க ஆபீஸ் அக்கவுன்ட்ல இருந்தா இப்பவே உங்க ஜிமெயிலுக்கு மாத்துங்க, ராஜினாமா லெட்டர் கொடுத்தப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

சிங்க் ஆன் ஆனப்புறம் போன்ல ஒரு பேர அழிச்சா கம்ப்யூட்டர்லயும் போயிடும், இத மறக்காதீங்க. எல்லாம் முடிச்சதும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர மட்டும் மாத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சு போன்ல பாருங்க. மாறியிருந்தா இனிமே எக்ஸெல் ஷீட்ல திருத்துறத விட்டுடுங்க, எல்லாத் திருத்தமும் கூகுள் கான்டாக்ட்ஸ்லயே பண்ணுங்க.