பேக்ஃபிளஷ் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

கேள்வி: மாங்கூழில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவியில் 30 மீட்டர் நீளமும் 0.25 மி.மீ. உள்விட்டமும் கொண்ட நுண்குழாய் இருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு 10 நிமிடம் பேக்ஃபிளஷ் செய்கிறோம்; அதாவது வாயுவைப் பின்னோக்கி ஓட்டி, குழாயில் தங்கிய கனமான பொருள்களை வெளியேற்றுகிறோம். சீசனில் மாதிரிகள் குவிவதால் இந்த நேரத்தைக் குறைக்க முடியுமா?
– ஒரு வாசகி, பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: குறைக்க முடியும் என்றே நினைக்கிறேன்; ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, பிறகு சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில், எதிலும் ஒட்டாத ஒரு வாயு உங்கள் குழாயைப் பின்னோக்கிக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். குழாய் இருக்கும் அடுப்பு 300 டிகிரி செல்சியஸ், கடத்து வாயு ஹீலியம், அழுத்தம் கடைமுனையில் 60 பி.எஸ்.ஐ., மாதிரி நுழையும் செலுத்துமுனையில் 1 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 40 விநாடி. இதைப் போல் 5 முதல் 10 மடங்கு வைப்பதே வழக்கம். அதாவது மூன்றரை நிமிடத்திலிருந்து ஏழு நிமிடத்துக்குள். மடங்கு ஏன் என்றால், அந்த வெப்பநிலையில் தக்கவைப்புக் காரணி (குழாயின் உட்பூச்சில் ஒரு பொருள் எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதன் அளவு) 4 உள்ள பொருள், வாயுவைப் போல் ஐந்து மடங்கு நேரம் எடுத்துத்தான் முழு நீளத்தையும் கடக்கும். மாங்கூழிலிருந்து வரும் கனமான பொருள்களில் பெரும்பகுதி குழாயின் தொடக்கத்திலேயே தங்கிவிடுவதால், அவை திரும்ப வேண்டிய தூரம் குறைவு என்பது நமக்குச் சாதகம்.

கணக்கு இத்துடன் நிற்கட்டும். இனிச் சோதனைதான் பேச வேண்டும். உங்களிடம் வருவதிலேயே அழுக்கு மிகுந்த பெங்களூரா ரக மாங்கூழ் மாதிரியை எடுத்து, 7 நிமிட பேக்ஃபிளஷுடன் ஐந்தாறு முறை தொடர்ந்து செலுத்திய பிறகு, வெறும் கரைப்பானை பேக்ஃபிளஷ் இல்லாமல், உச்ச வெப்பநிலையில் நீண்ட நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கருவி தரும் வரைபடத்தில் அடிக்கோட்டின் பிற்பகுதியில் அகன்ற மேடு எதுவும் எழாவிட்டால், அடுத்து 5 நிமிடம், பிறகு 4 நிமிடம் என்று இறங்குங்கள். மேடு தெரிந்த இடத்தில் நின்று, முந்தைய நேரத்துக்குத் திரும்பி, அதனுடன் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மாதிரிக்குப் பிறகு பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். எச்சம் சிறிது சிறிதாகச் சேர்ந்த பின்னரே தலைகாட்டும்.

பேக்ஃபிளஷ் நடக்கும்போது ஸ்ப்ளிட் வென்ட் (செலுத்துமுனையிலிருந்து வாயு வெளியேறும் வழி) நன்கு திறந்திருப்பது அவசியம். இல்லையென்றால், திரும்பி வந்த பொருள் செலுத்துமுனைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழலான லைனரிலேயே படிந்து அடுத்த மாதிரியோடு மீண்டும் உள்ளே போகும். லைனரைக் கழற்றினால் கண்ணாடியின் உட்புறத்தில் பழுப்பு வளையமாக அது தெரியும்.

5 நிமிடத்தில் நின்றாலே நாளொன்றுக்கு 30 மாதிரிக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். அதற்கும் மேல் வேண்டுமானால், இரண்டு 15 மீட்டர் குழாய்களை நடுவில் இணைத்து, அந்த இணைப்பிலிருந்து முன்பாதியை மட்டும் பேக்ஃபிளஷ் செய்யலாம். நேரம் நீளத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், அதே அழுத்தத்தில் 40 விநாடி 10 விநாடியாகும். பத்து மடங்கு வைத்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.