மொக்காசின்: சுருக்கு எங்கே விழ வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல்முறையாக ஒரு ஜோடி மொக்காசின் (வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் மென்தோல் காலணி) தைக்க இறங்கினேன். தாவரச் சாற்றில் பதனிட்ட 3 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோல் வாங்கினேன். தயாராகக் கிடைத்த ஓர் அச்சை (தோல் வெட்டும் காகித மாதிரியை) என் கால் நீளத்துக்குப் பெரிதாக்கி வெட்டினேன். விரல் பகுதியில் சுருக்கு முழுக்க ஒரே பக்கம் குவிந்து, முனை கட்டைவிரல் பக்கமாகத் திரும்பிவிட்டது. இரண்டு மூன்று இடங்களில் நூல் தோலையே அறுத்துவிட்டது. குதிகாலும் தொளதொளவென்று நடக்கும்போது கழல்கிறது. தப்பு என் கையிலா, தோலிலா, அளவிலா? வெளியே போட்டு நடக்க அடியில் தனியாக இன்னொரு தோல் ஒட்ட வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

உங்கள் கையில் குறையில்லை. முதலில் தோல், அடுத்தது அச்சு.

மொக்காசினில் பாதத்தின் அடியிலிருக்கும் தோலே (அடித்தோல்) பக்கங்களில் ஏறி மேலே வந்து, பாதத்தின் மேலிருக்கும் சிறு துண்டோடு (மேல்துண்டு) சேர்கிறது. விரல் முனையில் அது வளைந்து ஏறும்போது மிஞ்சும் தோலைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்குக் காட்டுப் பகுதிகளின் பழங்குடி மக்கள் இதற்கு விலங்கின் மூளையைத் தடவிப் பதனிட்டுப் புகையூட்டிய மான் தோலை வைத்துக்கொண்டார்கள். புகை பட்ட தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மை கெடாது. நீங்கள் வாங்கிய 3 மி.மீ. தோல் சுருங்க மறுக்கும். விடாமல் இழுத்தால் நூல் துளையிலிருந்து விளிம்பு வரை கிழித்துக்கொண்டு போகும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

1.6 முதல் 2 மி.மீ. வரை தடிமனுள்ள, குரோமிய உப்பில் பதனிட்ட அல்லது எண்ணெய் ஏற்றிய மென்தோல் வாங்குங்கள். ஒரு ஜோடிக்கு 4 சதுர அடி தாராளம். வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: 10 செ.மீ. நீளத் துண்டின் விளிம்பில் 6 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, நூல் ஓட்டி இழுத்துப் பாருங்கள். ஏழு செ.மீ.க்குள் அடங்கினால் அந்தத் தோல் போதும். அடங்காவிட்டால் வேறு தோல் பார்க்க வேண்டியதுதான். இன்னொன்று, தோல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடாது. இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசை குதிகாலிலிருந்து விரலுக்குப் போகும்படி அச்சை வையுங்கள். மாறி வைத்தால் காலணி போடப் போட நீளும்.

இனி அளவு. அச்சை நீளத்துக்குப் பெரிதாக்கினால் அகலமும் அதே விகிதத்தில் பெரிதாகிவிடும். உங்கள் கால் அந்த விகிதத்தில் இருக்க வேண்டுமே! காகிதத்தில் இரு காலிலும் எடை ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரையுங்கள். பிறகு கட்டைவிரல் மூட்டின் மேலாகப் பாதத்தின் சுற்றளவை எடுங்கள். அது 24 செ.மீ. என்றும், மேல்துண்டு அந்த இடத்தில் 7.5 செ.மீ. என்றும் கொள்வோம். அடித்தோல் அந்த இடத்தில் 16.5 செ.மீ. இருக்க வேண்டும். தையலுக்காக இரு துண்டுகளிலும் விளிம்புக்கு 4 மி.மீ. கூட்டுங்கள். தோலின் தடிமனுக்கென்று தனியாகக் கூட்ட வேண்டாம், போட்டு நடக்கையில் தோல் அந்த அளவுக்கு இளகிக்கொடுக்கும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். விரல் நுனி தோலைத் தொடலாம், மடங்கக்கூடாது.

சுருக்கு ஒரு பக்கம் குவிந்ததற்குக் காரணம் துளைக் கணக்கு. அரைவட்டத்தின் ஆரம் 1 செ.மீ. கூடினால் அதன் விளிம்பு 3.14 செ.மீ. நீளும். அடித்தோலின் வளைவு மேல்துண்டின் வளைவைவிட 2 செ.மீ. ஆரம் பெரிதென்றால், விளிம்பில் ஏறக்குறைய 6 செ.மீ. மிஞ்சும். மேல்துண்டின் வளைவு 12 செ.மீ., அடித்தோலின் வளைவு 18 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்துண்டில் 4 மி.மீ.க்கு ஒரு துளை, அடித்தோலில் 6 மி.மீ.க்கு ஒரு துளை. இரண்டிலும் 30 இடைவெளிகள் வந்துவிடும். துளைக்குத் துளை சேர்த்துத் தைத்தால் சுருக்கு தானாகவே சமமாக விழும். கண்ணளவில் இழுத்துத் தைத்தால் முதல் பாதியில் குறைவாகச் சுருக்கி, மீதி எல்லாவற்றையும் கடைசி 3 செ.மீ.யில் திணிக்க வேண்டி வரும்.

இந்த விகிதம் வளைவுக்கு மட்டும். வளைவு முடிந்து பக்கங்கள் நேராக ஓடும் இடத்தில் இரண்டு துண்டுகளிலும் 4 மி.மீ.தான். அங்கேயும் சுருக்கினால் பக்கச் சுவர் அலையலையாக நிற்கும். விகிதம் இரண்டுக்கு ஒன்றை எட்டினால் மேல்துண்டு சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். அதை அகலமாக்குங்கள்.

முனை திரும்பியதற்கு வேறு காரணம். பாதத்தின் மிக நீண்ட புள்ளி பலருக்குக் கட்டைவிரல். அதையே நடு என்று குறித்தால் காலணி அந்தப் பக்கம் சாயும். குதிகாலின் நடுவிலிருந்து இரண்டாம் விரலுக்கு ஒரு கோடு இழுங்கள், அதுதான் நடு. அந்தக் கோட்டை இரண்டு துண்டுகளிலும் குறித்து, அதிலிருந்து இருபுறமும் தனித்தனியாகத் துளைகளை எண்ணுங்கள். கட்டைவிரல் பக்கம் 14, சுண்டுவிரல் பக்கம் 16 என்று வந்தாலும் பரவாயில்லை. அதே பக்கத்தில் மேலும் கீழும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும்.

தையலுக்கு 0.8 அல்லது 1 மி.மீ. மெழுகு பாலியஸ்டர் நூல், இரண்டு மொட்டை ஊசிகள். துளைகளைக் குத்தூசியால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். எல்லாமே விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே. இரண்டு விளிம்புகளும் உட்பக்கம் உட்பக்கத்தைப் பார்க்க, வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். நடுப்புள்ளியிலும், வளைவு முடியும் இரண்டு இடங்களிலும் தற்காலிகமாக நூலால் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஆரம்பித்து ஒரு பக்கம் முடித்து, பிறகு புது நூலில் மறுபக்கம். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல், அதோடு ஒரு சாண். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகக் கடக்க வேண்டும். அப்போதுதான் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரிந்து வராது. ஒவ்வொரு தையலையும் அங்கேயே இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், பின்னால் சேர்த்து இறுக்க முடியாது. முடிந்ததும் உள்ளே மழமழப்பான கட்டையைக் கொடுத்து, சுருக்குகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் படிந்துவிடும்.

குதிகாலைக் கடைசியில் வெட்டுங்கள். நீங்கள் அச்சைப் பார்த்து முதலிலேயே வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. விரல் பகுதியில் எவ்வளவு தோல் இழுபட்டுப் போகும் என்பது தைத்து முடித்த பிறகுதான் தெரியும். பின்னால் 2 செ.மீ. கூடுதலாக விட்டு வையுங்கள். முன்பக்கம் முடிந்ததும் காலில் போட்டு, இரு பக்கத் தோலையும் பின்னால் இழுத்துச் சேர்த்து, சேருமிடத்தைப் பென்சிலால் குறித்து வெட்டுங்கள். கீழே நடுவில் 2.5 செ.மீ. அகல நாக்கு ஒன்றை விட்டு, அதை மேலே மடித்துத் தைத்தால் குதிகால் மூலை அடைபடும். வெட்டு முடியும் இடத்தில் 3 மி.மீ. வட்டத் துளை போடாவிட்டால் அங்கிருந்து கிழிசல் ஓடும். மேல்விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. கீழே துளையிட்டு ஒரு தோல்வாரைச் சுற்றிக் கோத்துவிட்டால், மிச்சத் தளர்வை அது பிடித்துக்கொள்ளும்.

தோலை வெட்டுமுன் 2 மி.மீ. ஃபெல்ட்டில் (அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணியில்) ஒரு கால் மட்டும் தைத்துப் பாருங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். மெல்லிய துணி உதவாது, அதில் எந்தத் தப்பான கணக்கும் சுருங்கி அடங்கிவிடும்.

இனி, அடியில் தனியாக ஒட்டும் தோல் பற்றி. வீட்டுக்குள் போட அவசியமில்லை. கரடான தரையில் ஒற்றைத் தோல் முன்பாத மேட்டிலும் குதிகாலிலும் சீக்கிரம் தேயும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் புரோமன்டரி குகைகளில் 1930-31இல் மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டீவர்ட் அகழ்ந்தெடுத்த 13ஆம் நூற்றாண்டு மொக்காசின்களிலேயே தேய்ந்து ஒட்டுப்போட்டவை உண்டு. வட அமெரிக்கச் சமவெளியின் லக்கோட்டா, செயென் பழங்குடி மக்கள் பதனிடாத விறைத்த தோலை அடியாக வைத்து, மேல்பகுதியை மென்தோலில் தைத்தார்கள். முதல் ஜோடிக்கு அது வேண்டாம், விறைத்த தோலில் ஊசி ஏற்றுவது கடினம். உங்களிடமுள்ள 3 மி.மீ. தோலையே பாத வடிவில் வெட்டி, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்க ஒட்டுங்கள். மழமழப்பான பக்கம் வழுக்கும். ஒட்டும் இரண்டு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப்பசையை மெல்லிசாக இருமுறை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டுச் சேருங்கள். சேர்த்தபின் நகர்த்த முடியாது. அதனால் குதிகாலை முதலில் பொருத்தி, அங்கிருந்து விரல் பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள்.