வாசகர் கேள்வி – பதில்: புல்லுருவிக்குப் பச்சை இலை எதற்கு?

கேள்வி: பச்சை இலையுள்ள தாவரம் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்று என் மகளின் பாடநூலில் உள்ளது. எங்கள் மாமரத்தில் வளர்ந்திருக்கும் புல்லுருவிக்கும் பச்சை இலைதான். அதை ஒட்டுண்ணி என்பது ஏன்? (வாசகி, குடியாத்தம்)

பதில்: பாடநூலும் சரி, உங்கள் ஐயமும் நியாயமானதே. சூரிய ஒளியின் துணையோடு நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துச் சர்க்கரை தயாரிப்பது ஒளிச்சேர்க்கை. அவ்வாறு வாழ்வது தற்சார்பு ஊட்டம். ஆனால் சர்க்கரை மட்டும் இருந்தால் செடி பிழைக்காது. நீரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய சத்துகளும் வேர் வழியே வந்தாக வேண்டும். மண்ணில் வேரூன்றாத புல்லுருவி, தன் உறிஞ்சு உறுப்பை மாங்கிளையின் நீர் கடத்தும் திசுவான சைலத்துக்குள் செலுத்தி, மரம் மேலேற்றும் நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்வதால் அது பகுதி ஒட்டுண்ணி. இலையின்றி வேலிச் செடிகளில் மஞ்சள் கொடியாகப் படரும் அம்மையார் கூந்தலோ சர்க்கரைக்கும் பிற செடியையே நம்பியிருக்கும் முழு ஒட்டுண்ணி.

நம் ஜவ்வாது மலைச் சந்தன மரமும் பகுதி ஒட்டுண்ணியே என்பதைப் பலர் அறியார். அதன் வேர்கள் மண்ணுக்கடியில் அண்டை மரங்களின் வேர்களைப் பற்றி உறிஞ்சுகின்றன. சந்தனக் கன்றுக்கு அருகில் துவரை நடுவது இதற்காகத்தான்.

உங்கள் மாமரத்தில் புல்லுருவி ஒட்டிய இடத்தில் கிளை முண்டுமுண்டாகப் புடைத்திருப்பதைக் காணலாம். தழையை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். பழத்தின் பிசுபிசுப்பான விதையைப் பறவைகள் பரப்புவதால், அது பழுக்கும் முன்பே, புடைப்புக்குச் சற்றுக் கீழே கிளையோடு வெட்டிவிடுங்கள்.

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை)ச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரிகின்றன. இது நோயா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் மகிழலாம். அங்கே ரைசோபிய வகைப் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவில் மாற்றித் தருகின்றன, செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. இரண்டும் பயனடையும் இந்த உறவே கூட்டுயிர் வாழ்க்கை. நூற்புழு தாக்கினால் வேரே வீங்கும், அந்த வீக்கம் தனியே உதிராது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து எளிதில் உதிரும்.

கேள்வி: காளான் சாறுண்ணித் தாவரமா? (மாணவி, காட்பாடி)

பதில்: மட்கும் பொருளிலிருந்து ஊட்டம் பெறும் காளான்கள் சாறுண்ணிகளே, ஆனால் தாவரம் அல்ல. 1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்த ஐந்துலகப் பாகுபாட்டில் பூஞ்சைகள் தனி உலகமாக வைக்கப்பட்டன.