டார்க் சாக்லேட்டைச் சுவைத்துத் தரம் பார்ப்பது எப்படி? கேள்வி-பதில்

கே: 85 சதவீதம் போட்ட சாக்லேட் 70 சதவீதத்தைவிட உசத்திதானே?

இல்லை. அந்த எண் தரத்தைச் சொல்வதில்லை. கட்டியில் கோகோ விதையிலிருந்து வந்த பொருள் எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது. விதை விழுதும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து 70 என்றால், மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. அந்த 70க்குள்ளேயே ஒருவர் வெண்ணெயைக் கூட்டியிருப்பார், இன்னொருவர் விழுதைக் கூட்டியிருப்பார். முதலாவது வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாவது அழுத்தமாக இருக்கும். மட்டமான விதையில் செய்தால் 85 சதவீதமும் மட்டம்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் 65-70இல் தொடங்குங்கள்.

கே: சுவைத்துப் பார்க்க முறை ஏதாவது இருக்கிறதா? எதைக் கவனிக்க வேண்டும்?

காபி குடித்த கையோடு வேண்டாம், காரமான சாப்பாட்டுக்குப் பின்னும் வேண்டாம். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் சில்லென்று இருந்தால் மணம் எழாது.

முதலில் உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று சுத்தமாக முறிய வேண்டும். வளைந்தோ பொடிந்தோ போனால் டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைப் பக்குவமாக ஆறவைத்து இறுக்குவது) சரியில்லை, அல்லது வழியில் உருகி மறுபடி இறுகியிருக்கிறது. முறிந்த ஓரத்தை மோந்து பாருங்கள். அப்புறம் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் விட்டுவிடுங்கள். சரியாக இறுகிய கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். வாயின் சூடு அதற்குப் போதும். உருக உருகச் சுவை மாறுகிறதா என்று பாருங்கள். விழுங்கியதும் ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்காதீர்கள். நல்ல சாக்லேட் என்றால் மணம் அப்போதும் வாயில் நிற்கும்.

கசப்பு ஒரு குறையே அல்ல. ஆனால் பிஞ்சு வாழைக்காயைக் கடித்தது போல நாக்கை இழுத்துப் பிடித்தால், விதை சரியாகப் புளிக்கவில்லை என்று பொருள். கோகோ பழத்தைப் பிளந்து, விதைகளை வெள்ளைச் சதையோடு பெட்டியில் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். சாக்லேட் மணத்துக்கு அங்கேதான் அடித்தளம் விழுகிறது. அது பிசகினால் எந்தத் தொழிற்சாலையாலும் சரிசெய்ய முடியாது. வினிகர் நெடி அடித்தால் விதையை அவசரமாகக் காய வைத்திருக்கலாம். விறகுப் புகை வாசனை வந்தால் அடுப்பு மூட்டி உலர்த்தியிருப்பார்கள்; மழை ஓயாத பப்புவா நியூ கினியில் இது வழக்கம். கருகல் ஒன்றே தெரிகிறதா? விதையின் குறையை மறைக்க அதிகம் வறுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த 70 சதவீதக் கட்டி லேசாகப் புளிக்கிறது. கெட்டுவிட்டதா?

உறையில் மடகாஸ்கர் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஊர் விதைக்குச் சிவப்புப் பழங்களின் புளிப்பு இயல்பு. எசென்ஸ் எதுவும் சேர்க்கவில்லை. அதை விரும்பித் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

கே: மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

அநேகமாக இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று மறைந்தால் கோகோ வெண்ணெய் மேலே வந்திருக்கிறது. சூடு பட்டதால் வந்தது. சொரசொரவென்று நின்றால் ஈரம் பட்டுக் கரைந்த சர்க்கரை மறுபடி உறைந்திருக்கிறது. இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தரம் பார்க்க உதவாது. கேக்கில் போட்டுவிடுங்கள்.

கே: சென்னை வெயிலில் எங்கே வைப்பது?

15-18 டிகிரிதான் சரியான இடம். மே மாதத்தில் ஃபிரிட்ஜைத் தவிர வழியில்லை. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சாம்பார், மீன் வாசனையை எல்லாம் சாக்லேட் இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் வியர்த்து, மேலே சொன்ன சர்க்கரைப் பூப்பு வந்துவிடும்.

கே: 'டார்க்' என்று போட்டு மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

பின்பக்கம் திருப்பிச் சேர்மானங்களைப் படியுங்கள். முதல் இடத்தில் சர்க்கரை இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 'காம்பவுண்ட்' என்றோ ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றோ இருந்தால், கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு போட்டிருக்கிறார்கள். வாயில் மெழுகுப் படலமாக ஒட்டும். கேக் மேல் ஊற்ற அது பரவாயில்லை. சுவைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் கோகோ விழுது, சர்க்கரை, கோகோ வெண்ணெய், மிஞ்சினால் எல்லாம் சீராகக் கலக்க உதவும் லெசித்தின் கொஞ்சம், இதோடு முடிகிற பட்டியலாகப் பார்த்து வாங்குங்கள்.

கே: ஒரு சிறு தயாரிப்பாளரின் சாக்லேட் நறநறவென்று இருந்தது. மோசமானதா?

துகள் 30 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கீழே போனால்தான் நாக்குக்குத் தெரியாது. உலகம் முழுக்கச் சிறு தயாரிப்பாளர்கள் பலர் அரைப்பது நம் வெட் கிரைண்டர் வகைக் கல் இயந்திரத்தில்தான். இரண்டு மூன்று நாள் ஓடவிட்டால் மழமழப்பு வந்துவிடும். சீக்கிரம் நிறுத்தினால் நறநறப்பு மிஞ்சும். ஆனால் சிசிலியின் மோடிகா ஊர்ச் சாக்லேட்டில் சர்க்கரையைக் கரையவிடாமல் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதனால் உறையில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.