நாள்தோறும் ஒரு பச்சிலை: வீட்டு வழிபாடு குறித்த கேள்வி பதில்

சைவ நெறியில் நின்று, அன்றாட வாழ்க்கைக்குள் தமக்கென ஒரு வழிபாட்டை அமைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பல ஆண்டுகளாகச் சைவப் பாடல் தொகுப்பான திருமுறைக்கு வகுப்பு எடுத்துவரும் பழக்கத்தில், வகுப்பில் பேசுவது போலவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காலை 5 மணிக்கு எழுந்து, இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் வேலைக்குச் செல்கிறேன். முறையான பூசைக்கு நேரமே கிடைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

அம்மா, உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் திருமூலர் பாடினாரோ என்று நான் எண்ணும் பாடல் ஒன்று திருமந்திரத்தில் இருக்கிறது. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கென ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல் என்னும் நான்கையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘யாவர்க்குமாம்’ என்ற சொல்லை வைக்கிறார் திருமூலர். எவராலும் இயலும் என்பது பொருள்.

நீராடியதும் திருநீறு இட்டுக்கொண்டு, விளக்கேற்றி, ஒரு வில்வ இலையையோ கொல்லையிலுள்ள அறுகம்புல்லையோ வைத்து, ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். இதற்கு மூன்று நிமிடம் போதும். அடுத்து, சமையலறையிலேயே ஒரு வழிபாடு காத்திருக்கிறது. என் தாயார் உலையில் அரிசி இடுவதற்கு முன், களைந்து வைத்ததைத் தொடாமல், குதிரிலிருந்து புதிதாக ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். கலயம் காலியாக இருக்கும் மாதத் தொடக்கத்தில் அரிசி விழும் ஓசை சலசலவென்று கூடம் வரை கேட்கும். நாள் ஆக ஆக அந்த ஓசை அடங்கிக்கொண்டே வரும். மாத முடிவில் அது கோயில் அன்னதானத்துக்குப் போய்விடும். பிடியரிசி என்னும் அந்த வழக்கத்தை இன்றும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தொடங்கலாம். புதிதாக நேரம் தேடாமல், ஏற்கெனவே செய்யும் வேலையோடு வழிபாட்டைச் சேர்த்துவிட்டால் அது நிலைத்துவிடும் என்பதை என் மாணவர்கள் பலரிடம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: சிவபுராணத்தை நாள்தோறும் வேகமாக ஓதி முடிக்கிறேன். பொருள் தெரியாது. பலன் உண்டா?

ஓதுவதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணத்தின் இறுதியிலேயே மணிவாசகர், ‘சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்’ என்று கூறிவிட்டார். 95 அடிகளை மூன்று நிமிடத்தில் ஓட்டுவதைக் காட்டிலும், ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு நான்கடிப் பாடலை எடுத்துக்கொண்டு அதனுடன் வாழ்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அப்பர் பெருமானின் ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வீணையின் ஒலி, மாலை நேரத்து நிலவு, வீசும் தென்றல், முதிர்ந்த இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஐந்தையும் அடுக்கி, எந்தையின் திருவடி நிழல் இவற்றைப் போன்றது என்கிறார். பல்லவ மன்னன் ஆணையால் ஏழு நாள் நீற்றறைக்குள் அடைக்கப்பட்டபோது பாடியது இது என்பது வரலாறு. சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்தவரின் வாயிலிருந்து தென்றல் என்ற சொல் வந்திருக்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, மாலையில் மொட்டைமாடியில் நின்றோ ஜன்னல் ஓரத்தில் அமர்ந்தோ மெதுவாக ஓதுங்கள். முதல் வாரத்தில் சொல் மனப்பாடமாகும். அடுத்த வாரங்களில், அலுவலகத்தில் மனம் கொதிக்கும் நேரத்தில் அந்தச் சொற்கள் தாமாகவே நாவுக்கு வரும். தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்ல மறவாதீர்கள்.

கேள்வி: எனக்குக் குரல்வளம் இல்லை. பண்ணோடு பாடித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சொற்களைப் பிழையின்றி, சீர் பிரித்து வாசித்தாலே போதும். கோயிலில் ஓதுவார் பாடும் நேரத்தை விசாரித்து, இயன்றபோது போய்க் கேளுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஒரு வாரம் பகல் பணி, ஒரு வாரம் இரவுப் பணி. காலை, மாலை என்ற கணக்கே எனக்கு இல்லை.

‘துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்’ என்று தொடங்குகிறது ஞானசம்பந்தரின் ஐந்தெழுத்துப் பதிகம். தூங்கும்போதும் தூங்காதபோதும் நாள்தோறும் நெஞ்சம் உருகி நினையுங்கள் என்கிறார். எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, உங்கள் தூக்கத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் விழித்தாலும் விழித்தவுடன் ஒருமுறை, கண் மூடும் முன் ஒருமுறை என ஐந்தெழுத்தை ஓதுங்கள். இடையில், பணிநடுவே கை கழுவும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லலாம்.

கேள்வி: விடுதியில் நான்கு பேர் ஓர் அறையில் தங்கிப் படிக்கிறோம். படம் மாட்டவும் இடமில்லை.

தம்பி, பூசலார் நாயனார் வரலாற்றைப் படியுங்கள். திருநின்றவூரில் இருந்த அவரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை. கல், மரம், சிற்பிகள் எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே திரட்டி, அடிநிலை முதல் விமானம் வரை எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அதே நாளில் பூசலாரின் கோயிலுக்குச் செல்வதாகக் கூறினான். உன் ஊர்க் கோயிலை நினைவுக்குக் கொண்டுவந்து, கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை என ஒவ்வொன்றாக மனத்தால் நடந்து செல். படுக்கையில் அமர்ந்தபடியே செய்யலாம்.

கேள்வி: ஒரு நாள் தவறினால் குற்ற உணர்வில் ஒரு வாரமே விட்டுப்போகிறது.

சாக்கிய நாயனார் புத்தத் துறவியின் உடையில் இருந்தபடியே, அன்பினால் சிவலிங்கத்தின்மீது நாள்தோறும் ஒரு கல் எறிந்து வந்தவர். ஒரு நாள் உண்ண அமர்ந்தபோதுதான் அன்றைய கல்லை எறிய மறந்தது நினைவுக்கு வந்தது. உணவை விட்டு எழுந்து ஓடினார். மறந்ததற்காக அவர் அமர்ந்து வருந்தியதாகப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பாடவில்லை. நினைவு வந்த கணத்தில் எழுந்ததையே பாடுகிறார். இரவு பதினொரு மணிக்கு நினைவு வந்தால் அப்போதே ஒரு வரி ஓதிவிட்டுப் படுங்கள்.

கேள்வி: அம்மா இறந்த பிறகு என்னால் கும்பிட முடியவில்லை. வாய் திறந்தால் பாட்டும் வரவில்லை.

மகளே, பாட வேண்டாம். அப்பரின் தமக்கையார் திலகவதியார் தந்தையை இழந்தார், தாயை இழந்தார், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் இறந்த செய்தியையும் கேட்டார். உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகைக் கோயிலில் பொழுது புலரும் முன் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து மாலை தொடுத்தார். துயரத்தில் நா எழாதபோதும் கைக்கு ஒரு வேலை கொடுக்க முடியும்.

உங்கள் ஊரில் கோயிலைத் துப்புரவு செய்யும் உழவாரப்பணிக் குழு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள சிறிய கோயிலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பிரகாரத்துக் கல் இடுக்குகளில் முளைத்திருக்கும் புல்லை, வேர் அறுந்துவிடாமல் மெல்ல ஆட்டி இழுக்க வேண்டும். ஒரு களைக்கொத்து, ஒரு சாக்கு, குடிக்கத் தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். உள்ளே சென்று கும்பிடத் தோன்றாத நாளில், சாக்கை வெளியே கொட்டிவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம்.