மங்கிய பழைய போட்டோவை மருந்தில் போடலாமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் ஒன்றுதான் மிச்சம். 1960-களின் கருப்பு வெள்ளை பிரிண்ட்; நெகட்டிவ் இல்லை. ஓரம் வெள்ளி பூசினாற்போல் மினுங்குகிறது, முகங்கள் மஞ்சளித்து மங்கிவிட்டன. தெரிந்த டார்க்ரூம்காரர், ‘பிளீச் செய்து மறுபடி டெவலப் செய்தால் பளிச்சென்று வரும்’ என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்லும் முறை இருப்பது உண்மைதான். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் சேர்ந்த கரைசல், படத்தில் கருமையாகத் தெரியும் வெள்ளியை வெள்ளி புரோமைடாக மாற்றும். வெளிச்சத்தில் வைத்து டெவலப்பரில் போட்டால் திரும்பக் கருக்கும். ஆனால் அது ஒழுங்காகக் கழுவிய பிரிண்டுக்குச் சரி. முகூர்த்த மாத அவசரத்தில் உங்கள் படத்தை எவ்வளவு நேரம் அலசினார்களோ! தாளில் தங்கிப்போன ஹைப்போ (டெவலப் செய்த படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) வெள்ளியை மெல்ல மஞ்சளாக்கும். உங்கள் படம் மங்கியதற்கே அது காரணமாக இருக்கலாம். அதே ஹைப்போவோடு ஃபெர்ரிசயனைடு சேர்ந்தால் ஃபார்மர் ரெடியூசர் ஆகிவிடும். படத்தின் கருமையைக் குறைக்க, வெள்ளியைக் கரைத்தெடுக்கும் மருந்து அது. கரைந்த வெள்ளி தண்ணீரோடு போனால் எந்த டெவலப்பரும் மீட்காது.

மருந்து இருக்கட்டும், வெறும் தண்ணீரே ஆபத்து. இடவப்பாதி மழைக்கால ஈரத்தில் பூஞ்சை தின்ற இடங்களில், வெள்ளியைப் பிடித்துவைத்திருக்கும் ஜெலட்டின் படலம் நனைந்ததும் கரைந்து வழியலாம். ஸ்டுடியோவில் பாட்டியின் உதட்டுக்கும் சேலைக்கரைக்கும் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அதுவும் போச்சு. ஓரத்து மினுமினுப்பையும் துடைக்காதீர்கள். படத்தின் வெள்ளிதான் மேலே வந்து படிந்திருக்கிறது.

முதலில் ஸ்கேன் எடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) ஃபைல். கருப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் எடுத்துவிடாதீர்கள், கலரில் எடுங்கள். கலர் ஸ்கேனைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பிரித்துப் பார்க்கலாம். மஞ்சளித்த முகத்தின் கண்ணும் மூக்கும் நீலச் சேனலில் நன்றாகத் துலங்கும். வேட்டியில் படிந்த மஞ்சள் கறையோ சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டையும் கலந்து வேலை செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் நல்ல படம் தேறும். பிரிண்ட் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம், கண்ணாடியோடே எடுங்கள்.

அப்புறம், அசலை மழைச்சாரல் படும் சுவரில் மாட்டாமல், அமிலமற்ற காகித உறையில் போட்டு உலர்ந்த அலமாரியில் வையுங்கள். டார்க்ரூம்காரருக்குக் கை பரபரத்தால், திருத்திய ஸ்கேனைத் ஒளி ஊடுருவும் ஃபிலிமில் நெகட்டிவாக அச்செடுத்துக் கொடுங்கள். அதிலிருந்து புது பிரிண்ட் போட்டுத் தரட்டும்.